5 வயது மகள், 21 மாத மகன், முழங்கால் வலியோடு அத்தை: மூன்று நாளில் நீலகிரி சரிப்படுமா?

கேட்டவர்: திருச்சி அம்மா

வணக்கம். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 26-ஆம் தேதி வாக்கில் நீலகிரிக்குப் போவதென்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் என் கணவரும் அவரோடு வேலை பார்க்கும் நண்பரும். அந்த நண்பர் எங்களோடு வரவில்லை. அவருக்கு இன்னும் திருமணமும் ஆகவில்லை. திட்டத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

போகிறவர்கள் நாங்கள் இருவர், யு.கே.ஜி. படிக்கும் மகள், 21 மாத மகன், என் அத்தை (கணவரின் அம்மா, 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்). சொந்தக் கார், கணவர்தான் ஓட்டுவார். மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் ஏற்காடு ஒரு முறை, அதுவும் கல்யாணமான புதிதில்.

தாளில் உள்ளது இதுதான். முதல் நாள் நள்ளிரவு 1 மணிக்குத் திருச்சியில் புறப்பட்டு, மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டு, காலை 7.10 மலை ரயில். நண்பகலில் ஊட்டி. அன்றே தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம். இரண்டாம் நாள் தொட்டபெட்டா, பைக்காரா, அப்படியே முதுமலைக்குப் போய் யானை பார்த்துவிட்டு இரவு ஊட்டி. மூன்றாம் நாள் கோத்தகிரி, கோடநாடு காட்சிமுனை, குன்னூர் டால்பின் மூக்கு, சிம்ஸ் பூங்கா, இரவோடு இரவாகத் திருச்சி.

மகளுக்குத் துறையூர் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். மகன் பால் பாட்டில் இல்லாமல் தூங்கமாட்டான். அத்தை எதற்கும் மறுப்புச் சொல்லாமல் வந்துவிட்டு, இரவில் தைலத்தோடு உட்கார்ந்திருப்பார். நான் "இது முடியாது" என்றால் "நீ எப்போதும் இப்படித்தான்" என்கிறார் கணவர். குழந்தைகளோடு போய் வந்தவர்கள் யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவரிடம் அப்படியே காட்டப்போகிறேன்.

பதில் 1: கோவை அப்பா

சகோதரி, உங்கள் கணவர் படிப்பார் என்பதால் முதலில் அவருக்கே ஒரு கேள்வி. காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு ரயிலில் ஏறினால், மறுநாள் பைக்காராவுக்கும் முதுமலைக்கும் எதில் போவீர்கள் சார்? அந்தக் கார் ரயில் பாதைக் கணக்கில் 46 கிலோமீட்டர் கீழே நின்றுகொண்டிருக்கும். தாளை எழுதிய நண்பர் இதை யோசிக்கவே இல்லை.

எனக்கு இரண்டு பெண்கள். கோவையிலேயே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மேலே போகிறோம். ஆனால் முதல் முறை நானும் இதே போன்ற ஒரு பட்டியலோடுதான் போனேன். மூத்தவளுக்கு நாலரை வயது, இளையவளுக்கு ஒன்றரை. டிசம்பர் கடைசி வாரம். தொட்டபெட்டாவுக்கு ஏறினோம், கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர். நல்ல மூடுபனி. எதிரே நிற்கிற ஆளின் சட்டை நிறம்கூடத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று டிக்கெட் எடுத்துத் தொலைநோக்கி மாடத்தில் மகளைத் தூக்கிக் காட்டினேன். கண்ணை வைத்துப் பார்த்தவள், "அப்பா, இது ஆஃப் ஆகியிருக்கிறது" என்றாள்.

அதோடு விட்டதா? இறங்கும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ஒன்றே முக்கால் மணி நேரம் வண்டி நகர்ந்தது ஒரு தெரு நீளம். மகளுக்கு அவசரமாகச் சிறுநீர். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சுவர். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் சமாளித்திருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் தடை என்று அதையெல்லாம் அடிவாரச் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைவசம் இருந்தது என் மாமியார் குடிப்பதற்காகக் கொண்டுவந்த எவர்சில்வர் சொம்பு ஒன்றுதான். அந்தச் சொம்பு இன்றும் எங்கள் வீட்டில் தோட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

நெரிசலும் பனியும் யார் கையிலும் இல்லை. பட்டியல் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பத்து இடத்தை எட்டாக்கினால் போதாது. ஒரு நாளைக்கு ஓரிடம், அதுவும் முற்பகலில். மதியம் அறைக்குத் திரும்பி உங்கள் மகன் தூங்க வேண்டும், அத்தை காலை நீட்ட வேண்டும். மாலையில் மனமிருந்தால் பக்கத்தில் ஒரு நடை, அவ்வளவுதான்.

தங்குவதற்கு ஊட்டி வேண்டாம், குன்னூர் எடுங்கள். மூன்று இரவும் ஒரே அறையில். ஊட்டியைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு என்பதால் டிசம்பர் குளிர் அந்த அளவுக்குக் கடிக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து 34 கிலோமீட்டரில் வந்துவிடலாம். ஊட்டிக்குப் போக மலைப்பாதையில் இன்னும் 18 கிலோமீட்டர் உங்கள் மகள் வயிற்றைக் கலக்க வேண்டியதில்லை.

நள்ளிரவில் புறப்படுவதை விட்டுவிடுங்கள். காலையில் சாவகாசமாகக் கிளம்பி கரூர், பல்லடம் வழியாகக் கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ வந்து அன்று இரவு தங்குங்கள். மறுநாள் விடிந்ததும் ஏறுங்கள். இரவெல்லாம் கண்விழித்த ஓட்டுநர், 14 கொண்டை ஊசி வளைவு, பின்னால் வாந்தி எடுக்கும் குழந்தை. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

வாந்தி விஷயம். வெறும் வயிற்றோடு ஏற்றினாலும் வரும், வயிறு முட்டத் தின்றாலும் வரும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு. பால் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. வண்டிக்குள் கைபேசியும் படப்புத்தகமும் இல்லை. பின் இருக்கையின் நடுவில் அவளுக்கு பெல்ட் போட்டு உட்காரவைத்து, முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவு வருவது கண்ணுக்குத் தெரிந்தால் வயிறு அவ்வளவாக ஏமாறாது. நாங்கள் வளைவுகளை எண்ணும் வேலையை மகளிடமே கொடுத்துவிடுவோம். எண்ணுகிறவள் வெளியே பார்த்துத்தானே ஆக வேண்டும்! கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். காருக்குள் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பாதி வாந்திக்கு அதுதான் காரணம். எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுப்பது எங்கள் அம்மா வழக்கம். அறிவியல் என்ன சொல்லுமோ, என் மகளுக்கு வேலை செய்கிறது. மாத்திரை என்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். சின்னவனுக்கு நீங்களாக எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.

ஏறும்போதைவிட இறங்கும்போது குழந்தைகளுக்குக் காது அடைத்து வலிக்கும். மகனின் பால் பாட்டிலை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சி விழுங்க விழுங்கக் காது திறக்கும். மகளுக்கு ஒரு மிட்டாய்.

முதுமலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து முதுமலைக்குக் குறுக்குவழியான கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல், அதே நாளில் பைக்காராவும் தொட்டபெட்டாவுமா? யானை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் ஊர் ஸ்ரீரங்கத்தில் கோயில் யானையே இருக்கிறது!

நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் பதிந்து கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்தால், சிக்னல் கிடைப்பதற்குள் பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார்கள்.

பதில் 2: ரயில் பித்தர், ஈரோடு

கோவை அப்பா சொன்னதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலை ரயிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டது அநியாயம். 5 வயதுக் குழந்தைக்கு நீலகிரியில் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது அந்த ரயில்தான்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பற்கள் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். என்ஜினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். என்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கிய பாதை, ஊட்டியை 1908-இல் எட்டியது. யுனெஸ்கோ பட்டியலில் 2005-இல் சேர்ந்தது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்பார். என் மகன் ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் "உஸ்ஸ்" என்று நீராவி விட்டான்.

எனவே என் யோசனை: நீங்களும் மகளும் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுங்கள். கணவர், அத்தை, மகன் மூவரும் காரில் குன்னூருக்கு வரட்டும். நீங்கள் குன்னூரிலேயே இறங்கிவிட்டால் பல் தண்டவாளப் பகுதி முழுவதும் பார்த்தாயிற்று. வளைவில் காரில் வரும் வாந்தி ரயிலில் வராது. அது மெல்ல மெல்லத்தான் ஏறும்.

பதில் 3: கோவை அப்பா

ஈரோட்டு நண்பரே, ரயிலை நான் மறக்கவில்லை. சண்டை வரும் என்று தள்ளிப்போட்டேன். உங்கள் யோசனையில் ஓர் ஓட்டை. கணவர் வண்டி ஓட்டுவார். வளைவில் சின்னவன் அழுதாலோ கக்கினாலோ தூக்க வேண்டியவர் முழங்கால் மடக்க முடியாத அத்தை. அம்மாவும் இல்லை. இது அவருக்குச் செய்யும் கொடுமை.

இன்னொன்று: அந்தப் பெட்டிகளில் கழிவறை கிடையாது, நிற்கிற நிலையங்களில்தான். டிசம்பருக்கு முன்பதிவு திறந்த கையோடு தீர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, குன்னூர் நடுவே மண் சரிந்தால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். ரயிலே பயணத்தின் உயிர்நாடி என்று குழந்தையிடம் சொல்லி வைத்து, அது ரத்தானால் மூன்று நாளும் முகாரிதான்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஐந்து பேரும் சேர்ந்து போங்கள். இந்தப் பகுதியில் இழுப்பது டீசல் என்ஜின், பல் தண்டவாளமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றே கால் மணி நேரம்தான். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக நிலையம் வரும். கேத்தி பள்ளத்தாக்கு முழுவதும் படி படியாகக் காய்கறித் தோட்டம். 21 மாதக் குழந்தையின் பொறுமைக்கு இதுதான் சரியான அளவு. காரைக் குன்னூரிலேயே விடுங்கள். ஊட்டி நிலையத்திலிருந்து படகு இல்லம் பக்கம்தான். தாவரவியல் பூங்கா என்றால் ஆட்டோ. அங்கும் கீழ்ப்பூங்காவின் புல்வெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே ஏறினால் அத்தையின் கால் அவ்வளவுதான்.

பதில் 4: குன்னூர் டீச்சர்

பிறந்து வளர்ந்து இன்றும் இங்கேயே இருக்கிறேன். மேலே இருவரும் வழியைப் பற்றியே பேசுகிறார்கள். வந்த பிறகு அறைக்குள் நடப்பதை நான் சொல்கிறேன், அங்கேதான் தாய்மார்கள் திண்டாடுகிறார்கள்.

அறை பதியும்போது படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், தொலைபேசியில் கேளுங்கள். வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி? இது மலை. சாலையில் கார் நிற்கும், அறை நாற்பது படி கீழே இருக்கும். வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலை இரண்டு மணி நேரம் மட்டுமா? கழிவறை மேற்கத்திய முறையா? இரவு பத்து மணிக்குப் பால் சுடவைத்துத் தருவார்களா, அல்லது அறையில் மின்கெட்டில் இருக்கிறதா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் தங்குங்கள்.

குளிருக்கு ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. பதினோரு மணி வெயிலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், நாலு மணிக்கு மறுபடி போடலாம். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை. துவைத்தது காயாது, மகனுக்கு மாற்றுடை கூடுதலாக வையுங்கள். குளிரிலும் வெயில் சுடும், குழந்தைகளின் கன்னம் வெடிக்கும். தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். உங்கள் ஊர் எண்ணெய் இங்கே பாட்டிலில் கட்டியாகிவிடும், அகன்ற வாய் டப்பாவில் கொண்டுவாருங்கள்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மாட்டேன். குளிர் தாங்காமல் அடுப்புக்கரியைத் தட்டில் பற்றவைத்து, மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். கரியிலிருந்து வரும் அந்த நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. வெளியே தீ மூட்டிக் குளிர் காய்ந்தாலும் கரித் தணலை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்த அறையே வேண்டாம்.

சிம்ஸ் பூங்கா அழகுதான். 1874-இல் அமைத்தது. ஆனால் கிண்ணம் மாதிரி சரிவு. கீழே குளம் வரை இறங்கினால் திரும்ப ஏறியாக வேண்டும். அத்தை மேல்புறத்துப் பெஞ்சில் மரத்தடியில் உட்காரட்டும். கையில் தின்பண்டம் மட்டும் இருக்கக் கூடாது, குரங்கு பிடுங்கும். எதிரிலேயே பாஸ்டியர் நிறுவனம், 1907-இலிருந்து வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்போன இடம். குரங்குகள் அதற்கு எதிர்வீட்டிலேயே குடியிருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தாலும் சரி, கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு லாலி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று விடாதீர்கள்.

மாலை ஆறுக்கு மேல் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் குழந்தைகளோடு நடக்க வேண்டாம். காட்டெருமை வரும். எங்கள் தெருவுக்கே வருகிறது. ஜன்னலிலிருந்து காட்டுங்கள், முதுமலைக்குப் போன கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் 5: திருச்சி அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசியை அவரிடம் நீட்டினேன். கார் கீழே நிற்கும் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எழுந்துபோய் அந்த நண்பருக்குத் தொலைபேசியில் ஏதோ பேசினார். சொம்புக் கதையை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "நம் சொம்பை எடுக்காதே, பழைய டம்ளர் ஒன்று பரணில் இருக்கிறது" என்றார்.

முடிவு: 26-ஆம் தேதி காலை கிளம்பி மேட்டுப்பாளையத்தில் இரவு. 27 காலை குன்னூர். அன்று வேறெதுவும் இல்லை. 28 ரயிலில் ஊட்டி, படகு, திரும்பல். 29 சிம்ஸ் பூங்கா மட்டும். 30 இறக்கம், அதே நாள் திருச்சி. அவர் கோடநாட்டை மட்டும் விடமாட்டேன் என்கிறார். ஈரோடு அண்ணா கோபிக்க வேண்டாம், மகள் ஏழாவது பிறந்தநாளுக்குப் பல் தண்டவாளம் என்று கடன் வைத்திருக்கிறேன்.

டீச்சர், ஒரு சந்தேகம். படியைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் "கொஞ்சம் படிதான் மேடம்" என்றார்கள். உங்கள் ஊரில் கொஞ்சம் என்றால் எத்தனை?

பதில் 6: குன்னூர் டீச்சர்

முப்பதுக்குக் குறையாது. வேறு இடம் பாருங்கள். கோடநாட்டுக்கு அவர் 29 விடியலில் தனியாகப் போய்வரட்டும், பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். வரும்போது கோத்தகிரியில் சூடாக வர்க்கி வாங்கிவரச் சொல்லுங்கள்.